பின்ன அடுக்கா? முதலில் மூலம், பிறகு அடுக்கு

64^(5/6), அதாவது 64-இன் அடுக்கு 5/6, போன்ற கணக்கில் அடுக்கின் பகுதி (கீழ் எண்) 6 எத்தனையாவது மூலம் என்பதையும், தொகுதி (மேல் எண்) 5 எத்தனை அடுக்கு என்பதையும் சொல்கிறது. எதை முதலில் செய்தாலும் விடை ஒன்றுதான். ஆனால் அடுக்கில் தொடங்கினால் 64^5 = 1,07,37,41,824 என்று போய் நிற்கும்; அதற்கு ஆறாம் மூலம் யார் காண்பது! மூலத்தில் தொடங்குங்கள்: 64 = 2^6, எனவே ஆறாம் மூலம் 2. பிறகு 2^5 = 32. முடிந்தது.

அடிமான எண்ணை (அடுக்கு ஏறும் எண்; மேலே 64) பகாக் காரணிகளாக எழுதிவிட்டால் மூலம் தானாகத் தெரியும். அடுக்கு 0.4 என்று தசமத்தில் இருந்தால் 2/5 ஆக்குங்கள்: 32^(2/5) = 2^2 = 4.

அதிகம் மதிப்பெண் போவது குறை அடுக்கில்தான். 16^(-3/4) என்பது -8 அல்ல, 1/8. குறைக்குறி தலைகீழாக்கச் சொல்கிறதே தவிர, விடையைக் குறை எண்ணாக்கச் சொல்லவில்லை. அடிமானமே பின்னமானால் முதலில் அதைத் திருப்பிவிடுங்கள்: (81/16)^(-3/4) = (16/81)^(3/4) = 8/27.

கூட்டலுக்குள் அடுக்கைப் பிரித்துக் கொடுக்கக் கூடாது: (9+16)^(1/2) என்பது 5, 3+4 அல்ல.

கால்குலேட்டரில் அடுக்கை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். 64^5/6 என்று தட்டினால் அது 64^5 கண்டு 6-ஆல் வகுக்கும்.