மேடையில் ஒரு நடிகரைப் பேட்டி காண்பது எப்படி? முதல்முறை நடத்துகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் உங்கள் வாசகர் வட்டமோ கல்லூரி மன்றமோ, நாடகத்திலும் சினிமாவிலும் பேர் வாங்கிய ஒரு நடிகரை அழைத்திருக்கிறது. பேட்டி காணும் பொறுப்பு உங்கள் தலையில். சரி, எங்கே தொடங்குவது?

முதல் வேலை, பார்ப்பது. அவருடைய படங்களில் இரண்டையாவது முழுசாகப் பாருங்கள். நாடகப் பதிவு கிடைத்தால் விடாதீர்கள். கதையைக் குறிக்க வேண்டாம். கையை எங்கே வைத்திருக்கிறார், எந்த வசனத்துக்கு முன்னால் நிறுத்துகிறார் என்று குறியுங்கள். நல்ல கேள்விகள் அதிலிருந்துதான் வரும்.

அடுத்து, கேள்வி எழுதுவது. "சினிமா அனுபவம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லாப் பேட்டியிலும் சொன்ன பதிலையே சொல்வார், அது அவர் குற்றமில்லை. மேடையையும் கேமராவையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். நம் சீமைக்கு நெருக்கமான உதாரணம் கட்டபொம்மன். சிவாஜி கணேசன் அந்த வேடத்தை 1957-இல் மேடையில் கட்டினார்; 1959-இல் அது படமாகவும் வந்தது. கடைசி வரிசை வரை எட்டிய குரலை, முகத்துக்கு முன்னால் நிற்கும் கேமராவுக்கு எப்படி மாற்றுவது? இதையே உங்கள் விருந்தினரிடம் அவர் நடித்த காட்சியை வைத்துக் கேளுங்கள்: "அங்கே உட்கார்ந்தபடியே பேசினீங்க. மேடையா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" பல நடிகர்கள் எழுந்து செய்தே காட்டிவிடுவார்கள். அப்போது குறுக்கே பேசாதீர்கள்.

"நம்ம ஊர் பாஷை பேசிக் காட்டுங்க" என்று மட்டும் கேட்க வேண்டாம். ஒரு "ஏலே"யோடு கைதட்டலில் முடிந்துவிடும். வட்டார வழக்கை யாரிடம் கேட்டுப் பழகினார் என்று கேளுங்கள், விஷயம் கிடைக்கும்.

நாற்காலிகளைச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். அவர் முகம் கூட்டத்துக்குத் தெரிய வேண்டும். ஸ்பீக்கர்கள் மைக்குக்கு முன்னால் தள்ளி இருக்கட்டும், பின்னால் இருந்தால் வீலென்று அலறும். ஃபேன் காற்று காலர் மைக்கில் நேராக அடிக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை என்றால் தகரக் கூரை மண்டபமே வேண்டாம்.

பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். இதில் கண்டிப்பாக இருங்கள். சிலர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. பேட்டிக்கு 50 நிமிடம், பார்வையாளர்களுக்கு 20.

பார்வையாளர் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் வாங்குங்கள். முதல் கேள்வியை மட்டும் ஒரு கணியான் கூத்துக் கலைஞருக்குக் கொடுங்கள். கோயில் கொடை விழாவில் மகுடம் என்கிற தோல் மேளத்தின் சத்தத்துக்கு மேலே ராத்திரியெல்லாம் பாடுகிறவர் அவர். தொண்டையைப் பற்றி, மூச்சைப் பற்றி அவர் கேட்பது நமக்குத் தோன்றவே தோன்றாது. அவருக்கும் நடிகரைப் போலவே சன்மானமும் பயணச் செலவும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அப்புறம், வீடியோவை வெளியிடும் முன் இருவரிடமும் சம்மதம் வாங்குங்கள். நடிகர் பெயரை மட்டும் தலைப்பில் போடாமல், கூத்துக் கலைஞரின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.