சட்டம் படிப்பவர்கள் துறை தேர்ந்தெடுக்கும்போது தவறுவது எங்கே?

விடுமுறையில் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் சட்ட மாணவர்களிடம் முதல் நாளே கேட்டுவிடுவேன்: "படிப்பு முடிந்ததும் என்ன செய்யப் போகிறீர்கள்?" பதில் பெரும்பாலும் ஒரு பாடத்தின் பெயராகத்தான் வரும். கம்பெனிச் சட்டம், குற்றவியல், அறிவுசார் சொத்துரிமை. "அந்தத் துறையில் இருப்பவர் காலை பத்து மணிக்கு எங்கே நிற்பார்? இரவு எட்டு மணிக்கு என்ன எழுதிக்கொண்டிருப்பார்?" என்று அடுத்துக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கிக் கொடுத்த பாடத்தையே தொழிலென்று எண்ணிக்கொள்வதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

குற்றவியல் வகுப்பில் சுவையான பாடம். தொழிலிலோ ஜாமீன் மனு, சிறை வாசலில் காத்திருப்பு, வராத சாட்சிக்காக வழக்கை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கும் வாய்தா, கண்ணீரோடு நிற்கும் குடும்பத்துக்குப் பதில் சொல்வது என்று நாள் போகும். அதில் மனம் ஒன்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பாடத்தில் இருந்த ஈர்ப்பை நம்பி மட்டும் அங்கே போகக் கூடாது. சொத்து மாற்றுச் சட்டம் இதற்கு நேர்மாறு. வகுப்பில் பலருக்குத் தூக்கம் வரவழைக்கும் அந்தப் பாடம்தான் மாவட்ட நீதிமன்றங்களில் எத்தனையோ வழக்கறிஞர்களுக்கு ஆண்டு முழுவதும் சோறு போடுகிறது. குற்றவியல் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று வந்த மாணவி ஒருவரிடம் ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மூன்றாம் நாள், நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் வடக்கும் கிழக்கும் அடுத்த கிரயப் பத்திரத்தில் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்து ஓடிவந்தார். அப்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எந்தப் பாடப்புத்தகமும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. இன்று அவர் உரிமையியல் (சிவில்) வழக்குகளைத்தான் நடத்துகிறார்.

இப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் சட்டக் கல்வி விதிகள், மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரமும் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அந்த வாரங்களைச் சான்றிதழ் வாங்கும் சடங்காகக் கழிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது. அது, பின்னால் பத்தாண்டுகளை இழக்காமல் இருக்க இப்போதே கிடைக்கும் அவகாசம். ஒரு முறை கீழமை நீதிமன்ற வழக்கறிஞர், ஒரு முறை உயர் நீதிமன்றம், ஒரு முறை நிறுவனத்தின் சட்டப்பிரிவு, ஒரு முறை இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று மாறி மாறிப் போய்ப் பாருங்கள். நீதிமன்றக் கதவு எல்லோருக்கும் திறந்ததுதான். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு குறுக்கு விசாரணையை முழுதாகக் கேட்க யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

அடுத்த தவறு இதைவிடக் கடுமையானது, ஏனென்றால் பிறகு திருத்துவது கடினம். எந்த வாசல் எப்போது மூடும் என்று பாராமல் நடந்துவிடுவது. "முதலில் சில ஆண்டுகள் கம்பெனியில் வேலை, பிறகு நீதிபதி தேர்வு எழுதலாம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் பலர். பார் கவுன்சிலின் 49ஆம் விதிப்படி, முழுநேரச் சம்பள ஊழியராக இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. வேலையில் சேர்ந்ததும் மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவிட வேண்டும். அந்த ஆண்டுகள் தொழில் அனுபவக் கணக்கில் சேராது. உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2002இல் நீக்கிய உச்ச நீதிமன்றம், 2025 மே 20ஆம் தேதித் தீர்ப்பில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. பார் கவுன்சிலில் வழக்கறிஞராகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அந்த அனுபவம் எண்ணப்படும் என்றும், நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராக இருந்த காலமும் சேரும் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. ஆக, நீதிபதியாவதுதான் ஆசை என்றால், பட்டம் வாங்கியதும் பதிவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நட்டம். மாவட்ட நீதிபதி பதவிக்கு வழக்கறிஞர்களிலிருந்து நேரடியாக வர விரும்பினால் அரசமைப்பின் 233ஆம் பிரிவு ஏழாண்டு கேட்கிறது. உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யும் பதிவு வழக்கறிஞராக வேண்டுமென்றாலும் தனித் தேர்வும் அதற்குமுன் ஆண்டுக் கணக்கும் உண்டு. நிறுவன வேலை தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. எந்த வழி எந்த வழியை அடைக்கிறது என்று தெரிந்து போக வேண்டும் என்கிறேன்.

காப்புரிமைத் துறையிலும் இப்படி ஒரு பூட்டு இருக்கிறது. கண்டுபிடிப்பாளர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பம் செய்யும் காப்புரிமை முகவர் ஆவதற்கான தேர்வெழுத அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் தேவை. பி.ஏ., பி.எல். படிக்கும் மாணவர் இதை இறுதியாண்டில் தெரிந்துகொண்டு திகைப்பதைப் பார்த்திருக்கிறேன். வணிகச்சின்னம், பதிப்புரிமை பக்கம் அவருக்கு அந்தத் தடை இல்லை. இதே துறை இன்னொரு பாடமும் தருகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டு, அதன் வேலை உயர் நீதிமன்றங்களுக்குப் போய்விட்டது. அந்த ஒரு மன்றத்தின் நடைமுறையை மட்டும் கற்றிருந்தவருக்கு அது இடி. உரிமையியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் கைவந்தவருக்கு வெறும் கட்டடம் மாறியது. முதல் சில ஆண்டுகளில் குறுகிய துறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, கொலைக்கான தண்டனைப் பிரிவு 302 என்பது 103 ஆனபோதும், எண்களை மனப்பாடம் செய்தவர்கள்தான் தடுமாறினார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது, குறிப்பாக முதல் தலைமுறையாகச் சட்டம் படித்து வருகிறவர்களின் பெருந்தவறு. சீனியரிடம் சேரும்போது மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பது அவமரியாதை ஆகாது. சென்னை, மதுரை, கோவையில் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தரப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. எல்லா அலுவலகமும் அப்படித் தருகிறது என்று நம்பிவிடாதீர்கள். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டிலிருந்து பணம் வராதவர் அறை வாடகை, சாப்பாடு, பஸ் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பார்த்தபின் சென்னையா சொந்த மாவட்டமா என்று முடிவெடுக்கட்டும். சொந்த ஊரில் முன்சீப் கோர்ட்டில் தொடங்குவது தோல்வி இல்லை. அங்கே இரண்டாம் ஆண்டிலேயே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்புக் கிடைக்கும். பெரிய நகர அலுவலகத்தில் அதே இரண்டாம் ஆண்டில் வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நிற்கலாம். இன்னொன்று: பதிவுக் கட்டணமாகச் சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பணமில்லை என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மொழி விஷயத்தில் இரு பக்கமும் தவறு நடக்கிறது. ஆங்கில வழியில் படித்தவர்கள் தமிழில் ஒரு பிராது (வழக்கு மனு) எழுதத் திணறுகிறார்கள். சாட்சி தமிழில் பேசுகிறார், பத்திரம் தமிழில் இருக்கிறது, உரிமையியல் நீதிபதித் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. தமிழ் வழியில் வந்தவர்களோ, ஆங்கிலத்துக்கு அஞ்சி உயர் நீதிமன்றப் பக்கமே போவதில்லை. தினம் ஒரு தீர்ப்பை வாய்விட்டுப் படித்தால் ஓராண்டில் அந்த அச்சம் குறைந்துவிடும். நானும் அப்படித்தான் கடந்தேன்.

என்ன செய்வதென்று தெரியாததால் சட்ட முதுகலைப் படிப்பான எல்.எல்.எம். சேருவதும் வேண்டாம். கல்லூரியில் கற்பிக்க அது அவசியம். முடிவெடுப்பதைத் தள்ளிப்போட அது செலவு மிகுந்த வழி.

அலுவலகம் தேடும்போது சீனியரின் பெயரைவிட அவருடைய ஜூனியர்களைப் பாருங்கள். ஐந்தாண்டுக்கு முன் அவரிடம் இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? தனியாக வழக்கு நடத்துகிறார்களா? அவர்களில் ஒருவரை நீதிமன்ற வளாகத்து டீக்கடையில் பிடித்து, "அண்ணா, முதல் முறை எப்போது உங்களை வாதாட விட்டார்?" என்று கேளுங்கள். பெண் வழக்கறிஞர்களிடமும் அதையே கேளுங்கள்.