போல்டு ஃப்ளேர்டு செரிஃப்: எங்கே போடலாம், எப்படி அமைப்பது

வழக்கமான செரிஃப் ஆங்கில எழுத்துருவில் தண்டின் (எழுத்தின் முக்கியக் கோட்டின்) நுனியில் செரிஃப் என்ற சிறு பட்டை ஒட்டியிருக்கும்; ஃப்ளேர்டு செரிஃபில் அப்படித் தனிப் பட்டை இருக்காது. தண்டே இடுப்பில், அதாவது நடுவில், சற்று ஒடுங்கி, முனைகளுக்குப் போகப்போக விரியும். உளியின் சாயல் அதில் இருக்கும். பெர்தோல்ட் வோல்ப் 1930-களில் மோனோடைப் எழுத்துரு நிறுவனத்துக்கு வரைந்த ஆல்பர்ட்டஸ் எழுத்துருவுக்கு மூலம், சுற்றியுள்ள வெண்கலத்தைச் செதுக்கி எடுத்து எழுத்தைப் புடைப்பாக நிறுத்தும் வேலைதான். ஹெர்மன் சாப்ஃபின் ஆப்டிமா (1958) இதே இனத்தின் மென்மையான கிளை.

இந்த எழுத்துருவின் உயிர் அந்த விரிவில்தான் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இதைப் போடுவது வீண்.

முதலில் அளவு. 96 பிக்சலில் ஒரு போல்டு தண்டு இடுப்பில் 18, முனையில் 22 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 2 பிக்சல் விரிவு, நன்றாகத் தெரியும். அதையே 16 பிக்சலுக்குக் குறைத்தால் தண்டு 3 பிக்சல், விரிவு மூன்றில் ஒரு பிக்சல். சாதாரணத் திரையில் அது நேர்த்தண்டாகவோ சாம்பல் மங்கலாகவோதான் விழும். ஆகவே திரையில் 32 பிக்சலுக்கும் அச்சில் 18 பாயின்ட்டுக்கும் கீழே இறங்காதீர்கள். மை உறிஞ்சும் தாளில் இன்னும் பெரிதாக வையுங்கள். மை பரவினால் கூர்முனைகள் மழுங்கும், எழுத்தின் உள்வெளிகள் அடைபடும்.

அதிகம் சொதப்புவது இடைவெளியில். முனைகள் அகலமானவை என்பதால் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் மேலும் கீழும் நெருங்கி, நடுவில் விலகி நிற்கும். இறுக்கினால் முனைகள்தான் முதலில் மோதும். முழுக்கக் கேபிடல் எழுத்தாக அமைக்கும் தலைப்புக்கு 2 முதல் 5 சதவீதம் டிராக்கிங் (எல்லா எழுத்துகளுக்கும் இடையிலான பொது இடைவெளி) கூட்டுங்கள். சிறிய எழுத்துகளும் கலந்த பெரிய தலைப்பில் 1 சதவீதம் வரை குறைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஏ-வி (AV), எல்-டி (LT), டி-ஓ (TO) ஜோடிகளைக் கையால் கெர்னிங் செய்வது, அதாவது அந்த இரண்டு எழுத்துக்கு இடையிலான இடைவெளியைத் தனியே சரிசெய்வது நல்லது. வரி உயரம் எழுத்தளவைப் போல் 1.0 முதல் 1.15 மடங்கு வரை போதும்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து இன்னும் தடித்துத் தெரியும். ஒரு படி மெலிந்த எடையை (தடிமனை) எடுங்கள்.

எழுத்துருக் குடும்பத்தில் போல்டு இல்லையென்றால் மென்பொருள் தானே தடிக்கச் செய்யும் போலி போல்டைத் தொடாதீர்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு சதை ஏறுவதால் இடுப்பும் முனையும் சேர்ந்தே பருத்து, விரிவு அமுங்கிவிடும். பக்கவாட்டில் இழுத்து அகலமாக்குவதும் தண்டுகளை மட்டும் பருக்கவைத்துக் குறுக்குக்கோடுகளை அப்படியே விட்டுவிடும். இணையப் பக்கத்தில் உலாவி இப்படித் தடிக்கச் செய்வதை, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸிலேயே நிறுத்திவிடலாம்.

புத்தக அட்டை, போஸ்டர், லோகோ, பெயர்ப்பலகை, பேக்கேஜிங் எல்லாம் இதற்கான களம். பட்டன், படிவம், அட்டவணைக்கு ஆகாது. உடன் வரும் உரைக்குச் சீரான தடிமன் கொண்ட எளிய சான்ஸ் செரிஃப் (செரிஃப் இல்லாத எழுத்துரு) பொருந்தும். இன்னொரு ஃப்ளேர்டு எழுத்துருவைப் பக்கத்தில் வைத்தால் எழுத்துரு தவறி மாறிவிட்டது போலிருக்கும்.

மரத்திலோ கல்லிலோ இயந்திரத்தில் குழிவாக வெட்டுவதானால் பிட்டை (சுழன்று வெட்டும் முனையை) கவனியுங்கள். 3 மி.மீ. விட்டமுள்ள நேர் பிட், எழுத்து முனையின் ஒவ்வொரு மூலையையும் 1.5 மி.மீ. ஆரத்தில் உருட்டிவிடும், அதன் கூர்மை போய்விடும். வி வடிவ பிட், மூலையை நெருங்கும்போது மேலே ஏறியபடியே வெட்டுவதால் கூர்மை அப்படியே நிற்கும்.