கேட்டைத் திறந்து மூட உங்கள் குதிரைக்குத் தெரியுமா? வொர்க்கிங் எக்விடேஷன், தொடக்கப் பாடம்

குதிரை வாங்கப் போனால் சுழி பார்க்கிறோம், பல் பார்க்கிறோம், நிறம் பார்க்கிறோம். ஏறி உட்கார்ந்ததும் அசையாமல் நிற்குமா என்று பார்ப்பவர்கள் குறைவு. நானும் பார்க்கவில்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய என் பெட்டைக் குதிரை, போ என்றால் பறக்கும். நில் என்றால் மட்டும் காது கேட்காது. அதற்கு வைத்தியம் தேடியபோது கிடைத்ததுதான் இந்த விளையாட்டு.

வொர்க்கிங் எக்விடேஷன் போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் நாடுகளில் குதிரைமேல் இருந்தபடி மாடு மேய்த்தவர்களின் அன்றாட வேலையிலிருந்து வந்தது. பட்டியைத் திறக்கணும், மாடு வெளியே ஓடுமுன் மூடணும், ஓடையின் மேல் போட்ட பலகையில் நடக்கணும், கையில் நீளக் கழி இருக்கும்போதே குதிரையைத் திருப்பணும். இந்த வேலைகளையே தடைகளாக வைத்து, 1996இல் இத்தாலியில் முதல் ஐரோப்பியப் போட்டி நடத்தினார்கள். உலக அமைப்பு 2004இல் வந்தது. போட்டியில் நான்கு சுற்று: டிரெஸ்ஸாஜ் (தடையில்லாமல், குதிரையைச் சொன்னபடி நடத்திக் காட்டுவது), தடைகளைப் பதறாமல் கடப்பது, அதே தடைகளை வேகமாகக் கடப்பது, கடைசியில் அணியாகச் சேர்ந்து மாட்டைப் பிரித்து ஓட்டுவது. நமக்கு இப்போதைக்கு இரண்டாவது சுற்று போதும். ஷோ ஜம்பிங் மாதிரி உயரம் தாண்ட வேண்டியதில்லை. பெரும்பாலான தடைகளை நடையிலேயே பழகலாம்.

ஏறுவதற்கு முன்

ஹெல்மெட் கட்டாயம். குதிகால் வைத்த ஷூ கட்டாயம். செருப்பு வேண்டாம், கால் அங்கவடிக்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். அப்புறம், முள் வைத்த கடிவாளம் போட்டிருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள். வாய் வலிக்கும் குதிரை தலையை மேலே தூக்கும். தலை மேலே போனால் காலடியில் கிடக்கும் கட்டை அதற்குத் தெரியாது. குதிரைக்குக் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்வை உண்டு என்றாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும், மூக்குக்குக் கீழும், வாலுக்கு நேர் பின்னாலும் குருட்டு இடம். தடை ஓட்டத்தில் பாதிச் சிக்கல் இந்தக் குருட்டு இடங்களால் வருவதுதான்.

முதல் படி: மூன்று சொல்

தடையே இல்லாமல் இரண்டு வாரம். நில். பின்னால் போ. பக்கவாட்டில் நகரு. இந்த மூன்றும் வந்துவிட்டால் பாதித் தடைகள் வந்த மாதிரிதான்.

தரையில் நின்று, தலைக்கயிற்றைப் பிடித்தபடி தொடங்குங்கள். பின்னால் அனுப்ப, கயிற்றைக் குதிரையின் மார்புப் பக்கம் லேசாக அழுத்துங்கள். ஒரே ஒரு அடி பின்னால் வைத்ததும் உடனே தளர்த்துங்கள். குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்தால் அல்ல, அழுத்தம் விடுபடும் அந்த நொடியால். தாமதமாகத் தளர்த்தினால் தப்பான பாடம் பதியும். பக்கவாட்டுக்கும் இதே முறைதான்: அங்கவடி தொங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் இரண்டு விரலால் அழுத்தி, ஓரடி நகர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். பிறகு ஏறி உட்கார்ந்து, விரலுக்குப் பதில் காலால்.

நிற்பதுதான் கஷ்டம். திருவிழாவுக்கு டான்ஸ் பழக்கிய குதிரை என்றால் இன்னும் கஷ்டம். நின்றால் ஆட வேண்டும் என்றுதானே அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்! மூன்று எண்ணும்வரை நின்றால் போதும், தடவிக் கொடுத்துவிட்டு நகருங்கள். அடுத்த நாள் ஐந்து. என் குதிரை பத்து எண்ணும்வரை நிற்க பன்னிரண்டு நாள் ஆனது.

இரண்டாவது படி: சாமான் சேர்ப்பது

கடையில் வாங்க எதுவும் இல்லை. நீல நிறப் பிளாஸ்டிக் ட்ரம் மூன்று. சவுக்குக் கட்டை, 3 முதல் 4 மீட்டர் நீளத்தில் ஐந்தாறு. காலி பெயின்ட் வாளியில் சிமெண்ட் கலவை ஊற்றி நட்ட கம்புகள் ஐந்து, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கயிறு, ஒரு மணி, ஒரு கைப்பிடி வைத்த ஜக்.

ட்ரம்முக்குள் கால்வாசி மணல் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் காற்றுக்கு உருண்டு குதிரையைத் துரத்தும். தரையில் போடும் கட்டைக்கு பி.வி.சி. பைப் வேண்டாம், மிதித்தால் உடைந்து கத்தி மாதிரி நிற்கும். சவுக்குக் கட்டையும் காலடியில் உருளும், அதனால் மண்ணைப் பறித்துப் பாதி புதைத்துவிடுங்கள்.

மூன்றாவது படி: கையில் பிடித்து நடத்துவது

முதலில் ஒரே ஒரு கட்டை. மோந்து பார்க்க விடுங்கள். இழுக்காதீர்கள், நீங்களும் அதன் நேர் முன்னால் நிற்காதீர்கள்; தாவினால் உங்கள் மேல்தான் விழும். தோள் பக்கம் நின்று சேர்ந்து நடங்கள். சரியாகக் கடந்தால் இரண்டு, மூன்று. நடைக்கு, கட்டைகளுக்கு இடையே 80 சென்டிமீட்டர் வைத்துத் தொடங்கி, உங்கள் குதிரையின் அடிக்கு ஏற்றபடி கூட்டிக் குறையுங்கள்.

அடுத்தது பாலம். போட்டியில் 4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் அளவில் மரத்தில் செய்திருப்பார்கள். பழகுவதற்குத் தரையோடு தரையாகக் கிடக்கும் கெட்டிப் பலகை போதும். 350 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும் என்பதால் மெல்லிய பிளைவுட் ஆகாது. மேலே பழைய ரப்பர் பாய் விரித்தால் வழுக்காது.

பாலத்தில் குதிரையைப் பயமுறுத்துவது பெரும்பாலும் பலகை இல்லை, சத்தம். தன் குளம்பே எழுப்பும் டொக் டொக் சத்தத்தைக் கேட்டு என் குதிரை முதல் நாள் பக்கவாட்டில் குதித்தது. நான் செய்த தப்பு, உடனே இன்னொரு முறை இழுத்துக்கொண்டு போனது. மூன்று நாளைக்குப் பலகையைக் கண்டாலே நின்றுவிட்டது. பிறகு ஒரு முன்காலை மட்டும் வைக்கச் சொல்லி, வைத்ததும் நானே பின்னால் கூட்டிவந்தேன். அப்படி ஏழெட்டு முறை. கடைசியில் அதுவாகவே இரண்டு காலையும் வைத்து என்னைத் திரும்பிப் பார்த்தது. போக விடாமல் வைத்தால் போக ஆசை வருகிறது போல.

நான்காவது படி: ஏறி, ட்ரம்மைச் சுற்றி

இரண்டு ட்ரம்மை 3 மீட்டர் இடைவெளியில் வைத்து எட்டு போடுவது போட்டித் தடை. தொடக்கத்தில் 6 மீட்டர் வையுங்கள். கண் ட்ரம்மைப் பார்க்கக் கூடாது, அடுத்துப் போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். ட்ரம்மையே பார்த்தால் உடம்பு அந்தப் பக்கம் சாயும், குதிரையும் அதில் போய் உரசும். இரண்டு ட்ரம்முக்கும் நடுவில் திசை மாறும்போது ஒரு அடி நேராக நடத்திவிட்டு அப்புறம் வளையுங்கள்.

கம்புகளுக்கு இடையே வளைந்து போவதும் இதே வேலைதான். கம்புக்குக் கம்பு 6 மீட்டர். நடையில் சுத்தமாக வந்த பிறகு ட்ராட், அதாவது நடைக்கு அடுத்த வேகமான சிற்றோட்டம்.

ஐந்தாவது படி: கேட்

என் மனசுக்கு இந்த விளையாட்டின் உயிரே இதுதான். முதலில் இரும்புக் கேட் வேண்டாம். இரண்டு கம்பு நட்டு, நடுவில் கயிறு கட்டி, ஒரு முனையில் வளையம் போட்டு மாட்டுங்கள். குதிரை மிரண்டால் கயிற்றைக் கீழே விட்டுவிடலாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவோ சேணத்தில் கட்டவோ கூடவே கூடாது.

கயிற்றுக்கு இணையாக, அது உங்கள் வலப்பக்கம் வரும்படி நிறுத்துங்கள். குதிரையின் தலை வளையம் மாட்டிய பக்கம், உங்கள் முழங்கால் வளையத்துக்கு நேராக. நில். இங்கே நிற்காவிட்டால் முதல் படிக்குத் திரும்பிப் போகணும், வேறு வழியில்லை. கடிவாள வாரை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் வளையத்தைக் கழற்றுங்கள். தேவைப்பட்டால் ஓரடி பின்னால். திறந்த இடைவெளிக்குள் வலப்பக்கமாகத் திருப்பி, கயிற்றின் நுனியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வாருங்கள். இப்போதும் கயிறு வலக்கையில், வலப்பக்கத்தில் இருக்கும். குதிரையின் தலை மட்டும் எதிர்த்திசையில். மறுபடி இணையாக நிறுத்தி, ஓரிரு அடி பின்னால் வந்து வளையத்தை மாட்டுங்கள். மாட்டும்வரை கை விடக் கூடாது. அது மாடு தப்பாமல் இருக்க வந்த விதி.

முதல் வாரம் முழுக் கேட்டையும் முடிக்க முயல வேண்டாம். பக்கத்தில் போய் நின்று, வளையத்தைத் தொட்டுவிட்டு, திரும்பி வந்தால் போதும்.

மிச்சம்

ஜக் எளிது: ட்ரம் பக்கத்தில் நிறுத்தி, மேலே வைத்த ஜக்கைத் தலைக்கு மேல் உயர்த்தி, அதே இடத்தில் வைப்பது. தண்ணீர் ஊற்றினால் உங்கள் கை ஆட்டம் தெரியும். மணிச் சந்துக்கு இரண்டு கட்டையை 1.5 மீட்டர் இடைவெளியில் போட்டு, உள்ளே போய் மணி அடித்து, நேராகப் பின்னால் வெளியேற வேண்டும். கட்டைமேல் பக்கவாட்டாக நகர்வதை மூன்றாம் மாதத்துக்கு வையுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டும்போது ஐந்து தடைக்கு மேல் வேண்டாம், ஏறி அரை மணி நேரத்துக்கு மேலும் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு தடைக்கும் பத்துக்கு மதிப்பெண் போட நண்பர் ஒருவரை நிறுத்துங்கள், போட்டியிலும் அப்படித்தான். கடிகாரத்தை அவரிடம் கொடுக்காதீர்கள். இறங்கியதும் நான்கு காலையும் தடவி, சிராய்ப்பு, சூடு, வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் குதிரை இப்போது கேட் பக்கம் போனதும் சொல்லாமலே இணையாக நிற்கிறது. வளையத்தை மாட்டியபிறகும் நகர்வதில்லை. ஒரு துண்டு வெல்லம் கொடுத்துப் பழக்கியது என் தப்பு. கொடுக்கும்வரை அப்படியே நிற்கிறது.