பக்கத்துப் பண்ணை நம் காற்றைத் தின்றால்: எக்செல்லில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மேற்குப் பார்த்த வீடு. சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் நல்ல காற்று. ஏழு வருடம் கழித்து மேற்குப் பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்புகிறது. அப்புறம் என்ன, ஃபேன்தான்.

டென்மார்க்கின் தெற்கே, லோலாண்ட் தீவை ஒட்டிய கடலில் இருக்கும் நிஸ்டெட் காற்றாலைப் பண்ணையின் கதையும் ஏறக்குறைய இதுதான். 2003-இல் 72 காற்றாலைகளோடு அது ஓடத் தொடங்கியது. 2010-இல் அதற்கு மேற்கே சுமார் 3 கிலோமீட்டரில் ரோட்சாண்ட்-2 வந்தது. அதில் 90 காற்றாலைகள். அந்தக் கடலில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் வரும். புதியவர் தின்ற மிச்சம்தான் பழையவருக்கு.

அந்த மிச்சம் எவ்வளவு என்று கணக்கிடுவதுதான் இன்றைய வேலை. எக்செல், பள்ளிக்கூடக் கணக்கு, ஒரு மணி நேரம் போதும்.

படி 1: ஒரு காற்றாலை, ஒரு சூத்திரம்

காற்றாலை காற்றிலிருந்து ஆற்றலை உறிஞ்சுவதால் அதன் பின்னால் காற்று மெதுவாகி, கலங்கிப் போகிறது. இதைத் துறைக்காரர்கள் 'வேக்' என்பார்கள். நான் காற்று நிழல் என்று எழுதுகிறேன். வெயில் நிழலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு: போகப் போக இது அகலும், கூடவே வெளிறும். சுற்றியிருக்கும் வேகமான காற்று உள்ளே கலந்து நிழலை ஆற்றிவிடுகிறது.

1983-இல் டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தில் இருந்த ஜென்சன் இதற்கு ஓர் எளிய சூத்திரம் கொடுத்தார்:

வேகக் குறைவு = (1 − √(1 − த)) ÷ (1 + க × தூரம் ÷ ஆரம்)²

'த' என்பது காற்றாலை காற்றை எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதற்கான எண். நடுத்தர வேகத்தில் 0.8 என்று வைக்கலாம். 'க' என்பது நிழல் எவ்வளவு சீக்கிரம் அகலுகிறது என்பது. தரையில் 0.075, கடலில் 0.04 முதல் 0.05 வரை போடுவது வழக்கம். கடல் மட்டமாக இருப்பதால் அங்கே கலக்கம் குறைவு. நிழல் ஆற நாளாகும். ஆரம் என்பது சுழலும் இறக்கை வட்டத்தின் ஆரம். ரோட்சாண்ட்-2 காற்றாலைகளின் விட்டம் 93 மீட்டர், ஆகவே ஆரம் 46.5.

த = 0.8 என்றால் மேல் பகுதி 0.5528. எக்செல்லில் A2 கட்டத்தில் தூரம் 3000 என்று போட்டு, பக்கத்துக் கட்டத்தில் இப்படி அடியுங்கள்:

=0.5528/(1+0.05*A2/46.5)^2

0.031 வரும். அதாவது 3 கிலோமீட்டர் தள்ளி 3.1 சதவீத வேகம் குறைகிறது. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

படி 2: வரிசையாக நிற்பவர்களைக் கூட்டுவது

பயிற்சிக்காக, நிஸ்டெட்டின் ஒரு காற்றாலைக்கு நேர் மேற்கே, ஒரே கோட்டில் ஆறு காற்றாலைகள் நிற்பதாக வைப்போம்: 3000, 3500, 4000, 4500, 5000, 5500 மீட்டர் தூரத்தில். (நிஜ ரோட்சாண்டில் ஐந்து வளைந்த வரிசைகள். அதை அப்புறம் பார்க்கலாம்.) சூத்திரத்தைக் கீழே இழுத்தால் 0.031, 0.024, 0.020, 0.016, 0.014, 0.012 என்று வரும்.

இவற்றை எப்படிக் கூட்டுவது? வழக்கமான வழி, ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுப்பது. அப்படிச் செய்தால் 0.050. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், மிச்சமுள்ள 0.95-ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 0.857. மின்சாரத்தில் 14 சதவீதம் போச்சு. முதலில் பார்த்த அந்த அற்ப 3 சதவீதம் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டது.

வர்க்கம் இல்லாமல் நேராகக் கூட்டினால்? 0.116. இழப்பு 31 சதவீதம். சரி, இன்னொரு சோதனை: பழைய வர்க்கமூல வழியிலேயே 'க'-வை மட்டும் 0.05-இலிருந்து 0.04 ஆக்குங்கள். இழப்பு 20 சதவீதம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அதே கடல், அதே காற்றாலைகள், மூன்று விடைகள். பெரிய பண்ணைகளின் நிழலை வர்க்கமூலக் கூட்டல் குறைத்துக் காட்டுகிறது என்ற புகார் பழையது. நேர்க்கூட்டல் பயந்தவர் போடும் கணக்கு. எது சரி என்பதை அளந்த தரவோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அதுவரை 14, 20, 31 மூன்றையும் தாளில் வைத்து, எந்தக் 'க', எந்தக் கூட்டல் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். அடுத்த மாதம் உங்களுக்கே மறந்திருக்கும்.

படி 3: காற்று கொஞ்சம் திரும்பினால்

வானிலைக் கணக்கில் 270 பாகை என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று. மேற்கே போகும் காற்று அல்ல. புதிதாக வருகிறவர்கள் இதில்தான் முதலில் சறுக்குவார்கள். நமக்கு இது சுலபம்: தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை. நம் ஆட்களும் புறப்படும் திசையை வைத்துத்தான் பெயர் வைத்தார்கள்.

காற்று 275 பாகைக்குத் திரும்பியதாக வைப்போம். 5 பாகை மாற்றம். காற்றோட்டத் திசையில் தூரம் = 3000 × காஸ் 5 = 2989. பக்கவாட்டு விலகல் = 3000 × சைன் 5 = 261 மீட்டர். அந்த இடத்தில் நிழலின் ஆரம் = 46.5 + 0.05 × 2989 = 196 மீட்டர். விலகல் அதிகம், ஆகவே நிழல் நம்மைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். மற்ற ஐந்துக்கும் போட்டுப் பாருங்கள், எதுவும் தொடாது.

நான் முதன்முதலில் போட்டபோது 5 பாகை திரும்பியதும் முதல் காற்றாலையின் நிழல் 15 சதவீதமாக எகிறியது. அரை நாள் சூத்திரத்தைச் சந்தேகப்பட்டேன். எக்செல் கோணத்தைப் பாகையில் அல்ல, ரேடியன் என்ற வேறோர் அலகில்தான் எடுத்துக்கொள்ளும். நான் வெறும் 5 என்று போட்டிருந்தேன். தூரம் 851 மீட்டராகச் சுருங்கி, விலகல் மைனஸில் போய், "ஆரத்தைவிடக் குறைவு" என்ற நிபந்தனையையும் தாண்டி உள்ளே வந்துவிட்டது. ரேடியன்ஸ் ஃபங்ஷனுக்குள் கோணத்தைப் போடுங்கள், விலகலுக்கு மைனஸை நீக்கும் ஏபிஎஸ் (ABS) போடுங்கள்.

ஒரு வரிசையின் நிழல் நம்மேல் விழுவது சுமார் 7 பாகை அகலத்துக்குள்தான். காற்றை 30 பாகைத் துண்டுகளாக வெட்டி, 270-இல் வந்த 14 சதவீதத்தை அந்தத் துண்டு முழுவதற்கும் போட்டால் விடை பல மடங்கு வீங்கும். ஒவ்வொரு பாகையாகப் போங்கள்.

படி 4: வருடக் கணக்கு

இங்கே எக்செல் திணறும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பைவேக் என்ற இலவசத் தொகுப்புக்கு (பைத்தான் நிரல்மொழியில் ஓடுவது) மாறுவது நல்லது. ஹார்ன்ஸ் ரெவ்-1 என்ற 80 காற்றாலைப் பண்ணை அதிலேயே உதாரணமாக இருக்கிறது; முதலில் அதை ஓட்டிப் பழகுங்கள். ஜென்சன் சூத்திரமும் உண்டு, புதியவையும் உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது 360 பாகைகளையும், வினாடிக்கு 3 முதல் 25 மீட்டர் வரையுள்ள வேகங்களையும் தானே ஓட்டிவிடும்.

மும்மடிக் கணக்கையும் இங்கே விட்டுவிட வேண்டும். காற்றாலையின் உண்மையான மின்வளைவை, அதாவது எந்த வேகத்தில் எவ்வளவு மின்சாரம் என்ற கணக்கைக் கொடுங்கள். வினாடிக்கு 18 மீட்டர் காற்று 17 ஆகக் குறைந்தாலும் இயந்திரம் முழுத் திறனில்தான் ஓடும், இழப்பு பூஜ்யம். அடிபடுவது நடுத்தரக் காற்றில்தான்.

பிறகு இரண்டு ஓட்டம். முதலில் நிஸ்டெட்டின் 72 காற்றாலைகள் மட்டும். அடுத்து 72-உம் 90-உம் சேர்த்து. இரண்டாவது ஓட்டத்தில் நிஸ்டெட்டின் 72-க்கான உற்பத்தியை மட்டும் கூட்டி, முதல் ஓட்டத்திலிருந்து கழியுங்கள். நிஸ்டெட் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் நிழல் இரண்டு ஓட்டத்திலும் இருப்பதால், மிஞ்சுவதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரின் பங்கு. மொத்த 162-இன் உற்பத்தியை எடுத்துக் கழிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதில் விடை மைனஸில் வரும்.

இந்தக் கணக்கு எங்கே ஏமாறும்

கடல் குளிர்ந்து, மேலே காற்று சூடாக இருக்கும் நாட்களில் மேல்கீழ்க் கலப்பே நடக்காது. வட கடலின் ஜெர்மன் விரிகுடாவில் 2016, 2017-இல் விமானத்தில் பறந்து அளந்தபோது, அத்தகைய நாட்களில் பண்ணைகளின் நிழல் 50 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருந்தது. ஜென்சன் சூத்திரத்துக்கு இதெல்லாம் தெரியாது. இந்தத் தொழிலில் பெரிய கையான ஓர்ஸ்டெட் நிறுவனமே, காற்று நிழலைத் தன் கணிப்புகள் குறைத்து மதிப்பிட்டிருந்ததாக 2019 அக்டோபரில் அறிவித்தது.

இதே தாளை ஆரல்வாய்மொழிக்குப் போட்டுப் பார்க்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும். 'க'-வை 0.075 ஆக்கினால் மட்டும் போதாது. கணவாயில் மலை காற்றை நெருக்கித் திருப்புகிறது, பழைய குட்டைக் காற்றாலையும் புதிய நெட்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அங்கே முதலில் நில அமைப்பை உள்ளே கொண்டுவர வேண்டும். அது தனிப் பதிவு.