ஸ்னீக்கர் சேகரிப்பைக் குறைக்கும்போது எதை முதலில் விற்பது?

ஸ்னீக்கர் சேர்க்கும் ஆர்வம் தணிந்து, அந்தப் பணமும் இடமும் குடும்பத்துக்குத் தேவைப்படும் காலம் வந்துவிட்டால், பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருளால் ஆன நடு அடிப்பாகம் (மேல்தோலுக்கும் தரையில் படும் அடிக்கும் இடையிலுள்ள மெத்தை போன்ற பகுதி) கொண்ட பழைய ஜோடிகளையே முதலில் விற்றுவிடுங்கள். காலே படாமல் பெட்டியில் வைத்திருந்தாலும், காற்றிலுள்ள ஈரப்பதம் அந்த நுரைப்பொருளின் வேதிப்பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடுவதால், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது கட்டைவிரலால் அழுத்தினாலே பொடியாக உதிரும் நிலைக்கு வரக்கூடும். மேல்தோல் புதிதுபோல் மின்னுவதை நம்பி ஏமாந்துவிட வேண்டாம். விரிசலோ பிசுபிசுப்போ ஏற்கெனவே தென்பட்டால், அதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை. ஈ.வி.ஏ. எனப்படும் வேறுவகை நுரையால் ஆன நடு அடிப்பாகம் இப்படி ஈரத்தால் சிதைவதில்லை என்பதால், அத்தகைய ஜோடிகளுக்கு இந்த அவசரம் பொருந்தாது. நல்ல விலை கிடைக்கும்வரை அவற்றைத் தாராளமாக வைத்திருக்கலாம்.