கார்மெண்ட்ஸ் வேலை ஆட்டம் காண்கிறதா? முதலில் பி.எஃப். கணக்கைப் பாருங்கள்

பெங்களூரில் பீன்யா, பொம்மனஹள்ளிப் பக்கம் தையல் லைனில் ஓவர்டைம் நின்றாலே ஆர்டர் குறைகிறது என்று தெரிந்துகொள்ளலாம். வாடகையும் சிலிண்டரும் ஏறிக் கிடக்கிற நேரத்தில் வேலையும் போனால், வட்டிக்கு வாங்காமல் சமாளிக்கக் கையில் இருப்பது பி.எஃப். ஒன்றுதான். கம்பெனியில் இருக்கும்போதே அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

அதிகம் சிக்குவது நம் ஊர் இனிஷியலில்தான். ஆதாரில் 'செல்வி முருகன்', பி.எஃப். பதிவில் 'செல்வி எம்' என்றிருந்தால் கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு பேர், விண்ணப்பம் திரும்பிவிடும். பிறந்த தேதியும் பேங்க் பாஸ்புக்கில் உள்ள பெயரும் அப்படித்தான். ஆதாரை வைத்து எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். 2017 அக்டோபருக்கு முன் வாங்கிய யூ.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். நம்பர்) என்றால் திருத்தத்துக்கு கம்பெனி ஒப்புதல் வேண்டும். கம்பெனியை மூடிவிட்டால் ஒப்புதலுக்கு அலைய வேண்டிவரும், அதனால்தான் இந்த அவசரம். ஆதாரில் உள்ள போன் நம்பரும் உயிரோடு இருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் சிம் போய்விட்டால் ஓடிபி வராது.

அடுத்து பி.எஃப். பாஸ்புக். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 ரூபாய் என்றால் உங்களிடம் 12% பிடித்து 1,560 வர வேண்டும். கம்பெனியும் அதே அளவு போடும், அதில் 8.33%, அதாவது சுமார் 1,083, பென்ஷனுக்குப் போகும், மீதி 477 உங்கள் கணக்கில் சேரும். ஒரு மாதப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் இல்லாவிட்டால், அந்தச் சீட்டோடு பி.எஃப். ஆபீஸில் எழுத்தில் புகார் கொடுங்கள். சீட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள்.

வேலை நின்றபின் கம்பெனி விலகிய தேதி போடவில்லை என்றால், கடைசிப் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து பி.எஃப். வெப்சைட்டில் நீங்களே போடலாம். புரோக்கரிடம் ஓடிபி சொல்லவே சொல்லாதீர்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது.

வேறு வேலை கிடைத்துவிட்டால் பணத்தை எடுக்காமல் அதே யூ.ஏ.என்.னில் மாற்றிக்கொள்வது நல்லது. மாதப் பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். ஒவ்வொரு முறையும் துடைத்து எடுத்தால் சர்வீஸ் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். இந்தப் பணத்தை எடுக்கும் உரிமையைக் குறைத்தபோது, 2016 ஏப்ரலில் இதே ஊர் கார்மெண்ட்ஸ் பெண்கள்தான் ரோட்டில் இறங்கி அந்த விதியை வாபஸ் வாங்க வைத்தார்கள்.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கார்டையும் பத்திரமாக வையுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், வேலை இல்லாவிட்டாலும் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கலாம்.